ஜப்பான் நொச்சி

படலைத் தள்ளிக்கொண்டு கொடிக்காலுக்குள் நுழைந்த சிங்காரவேலு செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து வெற்றிலை பயிரிடுகிறவர். கொடிக்கால் என்றால் கோயில் என்று சொல்லிச் சொல்லியே ஆட்களை மிரட்டி வைத்திருப்பவர். செருப்புக்காலோடு எவன் உள்ளே வந்தாலும் வாயில் வந்ததைச் சொல்லித் துரத்திவிடுவார். அவரே இன்றைக்குச் செருப்போடு உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தார். கீழே பார்த்தபோது தெரிந்தது. தெரிந்தும் கழற்றத் தோன்றவில்லை.

படலுக்குப் பக்கத்து வரப்பின்மேல் மூன்று தொட்டிகள் இருந்தன. மூன்றிலும் முழ உயரத்துக்கு ஒவ்வொரு செடி. முந்தாநாள்வரை கைக்குழந்தை விரலை விரித்து நீட்டுவதுபோல் இருந்த இலைகள் ஓரம் கருகிச் சுருண்டு, புகையிலைச் சருகாகத் தொங்கின. ஒன்றைத் தொட்டார். விரலிடுக்கில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. நாலாவது தொட்டி மட்டும் உள்ளே அகத்தி நிழலில் இருந்தது. அதற்கு ஒரு குறையும் இல்லை. இலை கிள்ளுகிற நடேசன் வழியில் இடிக்கிறதென்று அதை நகர்த்தியிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்க அப்போது மனசு இல்லை. வெள்ளிக்கிழமை கோகிலாம்பாள் வருகிறார். செடியைப் பார்க்கத்தான் வருகிறார்.

கோகிலாம்பாளின் புருஷர் ஏகநாதன் சைகோனில் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவர். கடைசி வருஷங்களில் தலாத் என்கிற மலையூருக்கு மாற்றிவிட்டார்களாம். பனி பெய்யுமாம், கம்பளி இல்லாமல் வாசலுக்கு வர முடியாதாம். பக்கத்து வீட்டு ஜப்பான்காரி, சிறகு முளைத்த விதை ஒரு பிடி கொடுத்திருக்கிறாள். குழந்தை குட்டி இல்லாத வீடு. அந்த அம்மாள் விதையை ஊறவைத்து, மண்ணில் புதைத்து, மாதக்கணக்காகக் காத்திருந்து, முளைத்ததில் நாலைக் காப்பாற்றி வளர்த்திருக்கிறார். உத்தியோகம் முடிந்து புதுச்சேரிக்குக் கப்பல் ஏறியபோது பெட்டி படுக்கையோடு நாலு தொட்டிகளும் ஏறின. பட்டணத்து வீட்டு முற்றம் செங்கல் பாவியது. இறங்கிய மாதமே இலை நுனி கருக ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் வாடிக்கையாக வெற்றிலை கொண்டுவந்து போடுகிற ஒதியம்பட்டு சிங்காரவேலுவின் ஞாபகம் அவருக்கு வந்திருக்கிறது.

தை மாதம் கோகிலாம்பாள், ஆள் தள்ளிக்கொண்டு ஓடுகிற புஷ்புஷ் வண்டியில் வந்து இறங்கினார். வெறுங்காலோடு கொடிக்காலுக்குள் வந்து, அகத்தி மரங்களுக்கு நடுவில் கையை மேலே நீட்டிச் சல்லடை வெயிலை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார்.

"இங்க பொழைக்கும்னு தோணுதுண்ணே. நேர் வெயில் படக்கூடாது, மேல்காத்து படக்கூடாது. மண்ணு காயக்கூடாது, தண்ணியும் நிக்கக்கூடாது. உங்க வெத்தலைக்கு இன்னா செய்வீங்களோ அத செஞ்சாப் போதும்."

"வெச்சிட்டுப் போங்கம்மா. என் கைப்பட்டு செத்த செடின்னு ஒண்ணு கெடையாது" என்று சொன்னவர் சிங்காரவேலு. ஆள், அம்பு எல்லாரும் நிற்கும்போதுதான் சொன்னார். இப்போது அந்த வார்த்தை அவர் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டது.

முதலில் பார்த்தபோது அவருக்கும் அது நொச்சிக்கன்றாகத்தான் தெரிந்தது. அதே மாதிரி எதிரெதிரே ஜோடி ஜோடியாக இலை. அதே மாதிரி விரல் விரலாகப் பிரிவு. ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார், வாசனையே இல்லை. திருப்பினார், நொச்சிக்கு இருக்கிற வெளுப்பு அடியில் இல்லை. நொச்சி இலை காம்பு முனையில் ஐந்து தனி இலையாகப் பிரிந்து நிற்கும். இது உள்ளங்கை சேர்ந்து, விரல் மட்டும் பிரிந்து இருந்தது. கொழுந்து வேறு வெற்றிலைச் சாறு துப்பிய வாய்போலச் சிவப்பு. கண்டுபிடித்த இந்த வித்தியாசத்தை அவர் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. வெற்றிலை வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் நொச்சித்தழை ஒரு கையில், ஜப்பான் தழை ஒரு கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். ஊரில் அதற்கு ஜப்பான் நொச்சி என்று பெயரே வந்துவிட்டது.

பங்குனியில் வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் அதிகமாயிற்று. வில்லியனூர் மேரி என்கிற நகராட்சி ஆபீசில் எழுத்து வேலை பார்க்கிற ஒருத்தர் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் எல்லார் கையிலயும் வராதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க சிங்காரவேலு தரையில் நடக்கவில்லை. வருகிறவர்களையெல்லாம் கொடிக்காலுக்குள் விட முடியுமா? அதிலும் பெண்டுகள் வந்தால் யார் எப்படி இருக்கிறார்களோ என்று பார்க்கவேண்டும். அதனால் நாலு தொட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்து படல் ஓரத்து வரப்பில் வைத்தார். ரோட்டில் போகிறவனுக்கும் தெரியும். இரண்டு நாள் வெயில் பட்டால் குடியா முழுகிவிடும் என்று இருந்துவிட்டார். இரண்டு நாள் நாலு நாளாயிற்று. சித்திரை பிறந்து மேல்காற்று அனலாக வீசத் தொடங்கியபோதும் தொட்டிகள் வரப்பிலேயே இருந்தன.

இவ்வளவும் அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். கருகிய இலைக்கு முன்னால் நின்றுகொண்டு அவர் தேடியது காரணத்தை அல்ல, ஆளை. பெண்சாதி கலியம்மாள் கால் பிசகிக் கிடப்பதால் முந்தாநாள் சோறு எடுத்து வந்தவள் மருமகள் ஆண்டாள். படலோடு நின்று கொடுத்துவிட்டுப் போகாமல் உள்ளே வந்திருந்தாள். அகப்பட்டுவிட்டது. மாதவிலக்காகித் தூரமான பெண் கொடிக்காலில் கால் வைத்தால் கொடி கருகும் என்பது அவர் அப்பன், பாட்டன் காலத்துக் கணக்கு. தேடியது கிடைத்ததும் நெஞ்சில் இருந்த பாரம் சற்று இறங்கியதுபோல் இருந்தது. அப்போதுதான் செருப்பைக் கழற்றினார்.

வீட்டுக்கு வந்தபோது மகன் பலராமன் மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கிணற்றடியில் தெருப் பெண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்டாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கொடிக்காலுக்குள்ள யாரு போனது?" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

"நான் எங்க போறது? ஆண்டாள்தான் சோறு எடுத்தாந்துச்சி. இன்னாத்துக்குக் கேக்கற?" என்றாள் கலியம்மாள்.

"தூரத்தோட வந்தாளான்னு கேளு."

ஆண்டாளின் கை நின்றது. "இல்ல மாமா" என்றாள்.

"இல்லன்னா செடி எப்பிடி கருவும்? பொய் வேற சொல்றியா? அந்தம்மா வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

அவள் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். மருமகளாக வந்து மூன்று வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். கிணற்றடியில் ராட்டினச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"போ. போய் மாட்டுக்கொட்டாயில ஒக்காரு. மூணு நாளைக்கு வூட்டுக்குள்ள கால் வெக்கக்கூடாது."

"அப்பா" என்றான் பலராமன். மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆண்டாள் கையைக் கழுவிவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனாள்.

அன்று மாலையே சிங்காரவேலு மூன்று தொட்டிகளையும் வரப்பிலிருந்து தூக்கி நிழலில் வைத்தார். மஞ்சள்தண்ணீர் தெளித்தார். கருகிய இலைகளைப் பொறுக்கி வாய்க்காலில் விட்டார். வரப்பில் தொட்டி இருந்த இடத்தில் வட்டம் வட்டமாகப் பச்சை ஈரம் தெரிந்தது. அதைக் காலால் தேய்த்துவிட்டார். சரியாகத் தேயவில்லை.

வெள்ளிக்கிழமை கோகிலாம்பாள் வந்து வீட்டில் இறங்கி மோர் வாங்கிக் குடித்தார். கொட்டகையில் வைக்கோலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "யாரு அது?" என்று கேட்டார்.

"என் மருமவதாம்மா" என்றார் சிங்காரவேலு. "உங்ககிட்ட சொல்லவே வாய் கூசுது. செடியில மூணு கருகிடுச்சி. இவதான் தூரத்தோட உள்ள வந்துட்டா. நான் கண்ணா காப்பாத்தி வெச்சிருந்தேன்."

கூசுகிறது என்று சொன்னாரே தவிர, வாய் கூசவில்லை. தண்ணீர்போல வந்தது. ஆண்டாளுக்கு நன்றாகக் கேட்கிற தூரம்தான். அவள் திரும்பவில்லை. கோகிலாம்பாள் அந்தப் பெண்ணின் முதுகைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "வாங்க, போய்ப் பாக்கலாம்" என்று எழுந்தார்.

கொடிக்காலில் அவர் தொட்டிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். அழுவார், ஏசுவார் என்று சிங்காரவேலு பயந்துகொண்டிருந்தார். இரண்டும் நடக்கவில்லை. தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டினார். முதல் செடியில் பட்டைக்கு அடியில் பச்சை தெரிந்தது. இரண்டாவதிலும் தெரிந்தது. மூன்றாவது உள்ளுக்குள்ளும் காய்ந்திருந்தது. அதன்மேல் கையை வைத்தபடியே கேட்டார்.

"வெயில்ல வெச்சீங்களாண்ணே?"

"ஐயோ, இல்லம்மா. இந்த நெழல வுட்டு நகத்தவே இல்ல. எல்லாம் அந்தத் தீட்டுதான்."

"தலாத்துல மாசம் முப்பது நாளும் நான்தாண்ணே தண்ணி ஊத்தினேன். அந்த நாள்லயும் நான்தான் ஊத்தினேன். அந்தக் காட்டுல எனக்கு வேற யாரு இருந்தா?"

சிங்காரவேலுவுக்குக் காது மடல் சுட்டது. வேறு ஆண்பிள்ளை முன்னால் ஒரு பொம்பிளை இதைச் சொல்வாள் என்று அவர் நினைத்ததே இல்லை. ஆனால் அன்றைக்கு மருமகளை வாசலில் வைத்து அவர் கேட்டதும் இதைத்தானே. கோகிலாம்பாள் நாலாவது தொட்டியைக் காட்டினார். அது இரண்டு புதுக்கொழுந்து விட்டிருந்தது.

"இது மட்டும் எப்பிடித் தப்பிச்சிது?"

ஏணிமேல் நின்று வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த நடேசன் கள்ளங்கபடமில்லாமல் மேலேயிருந்து பதில் சொன்னான். "அதுவாம்மா? சோறு எடுத்தாந்த அன்னிக்கு மருமவப்பொண்ணுதான் வரப்புலேர்ந்து தூக்கியாந்து வெச்சிது. தொட்டி நல்ல கனம். ஒண்ண வெச்சிட்டு அடுத்ததுக்குப் போச்சி, அதுக்குள்ள பெரியவரு சோத்துக்குக் கொரல் குடுத்துட்டாரு. அப்பிடியே வுட்டுட்டுப் போயிடுச்சி."

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு அடுத்த கொடிக்குப் போனான். கோகிலாம்பாள் எழுந்து வரப்பைப் பார்த்தார். தேய்த்தும் தேயாத வட்டங்கள் அங்கே இருந்தன. அப்புறம் அவர் சிங்காரவேலுவின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்த்து நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று சொல்வார்களே, அந்த நிமிஷத்தில் அவருக்கு அதுதான் வேண்டியிருந்தது. வண்டிக்காரன் மூன்று தொட்டிகளையும் தூக்கிக்கொண்டு போய் வைத்தான்.

"இதுங்கள வூட்டு நடையில வெச்சிப் பாக்கறேன்" என்றார் கோகிலாம்பாள், அகத்தி மரத்தைப் பார்த்துக்கொண்டு. "அந்த ஒண்ணு இருக்கட்டும். அது அந்தப் பொண்ணோடது."

வீட்டுக்குத் திரும்பினால் கொட்டகை காலியாக இருந்தது. வண்டியும் இல்லை, மாடும் இல்லை, பலராமனும் இல்லை. கலியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஆண்டாள் எங்க?"

"பண்டசோழநல்லூருக்கு அனுப்பிட்டேன். அவங்கம்மா வூட்டுக்கு."

"யாரக் கேட்டு அனுப்பின?"

கலியம்மாள் கீரைக்காம்பை முறத்தில் எறிந்தாள். "அவ முழுகாம இருக்கா. நீ அந்தாண்ட போனதும்தான் வாயத் தொறந்தா. மொதல்ல உண்டானது கலைஞ்சி போச்சே, அதனால கொஞ்சம் நாள் தள்ளட்டும், அப்பறமா சொல்லலாம்னு இருந்திருக்கா. தூரமே ஆவாத பொண்ண ஊருக்கு முன்னால தூரம்னு சொல்லி, சாணியிலயும் கோமியத்துலயும் ஒக்கார வெச்சியே. நீயெல்லாம் ஒரு பெரிய மனுஷன்."

இரவுச் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு ஆண்டாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்லுவாள்? மாமனார் எதிரில், புருஷன் எதிரில், கிணற்றடிப் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, எந்தப் பெண் வாய் திறந்து சொல்லுவாள்? சரி, அதைச் சொல்லவேண்டாம். "நீங்கதானே வரப்புல வெச்சீங்க" என்று கேட்டிருக்கலாமே. தொட்டியைத் தூக்கிய கை அவளுடையது. வயிற்றில் பிள்ளையோடு அத்தனை கனத்தைத் தூக்கியிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தாளே ஒரு தடவை, அப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவருடைய மானத்தைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போயிருக்கிறாள். அந்தப் பார்வையைப் போய்த் திமிர் என்றோமே என்று நினைக்கும்போதெல்லாம் அவருக்கு உடம்பு கூசியது.

பலராமன் திரும்பி வந்தான். மாட்டோடு பேசினான், அம்மாவோடு பேசினான். அவரைக் கண்டால் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். கிணற்றடியில் பெண்கள் எதற்குச் சிரித்தாலும் தன்னைத்தான் சிரிக்கிறார்களோ என்று அவருக்கு இருந்தது. உண்மையில் அவர்கள் அவரைச் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். ஆண்டாளைத்தான் பேசினார்கள். "பெரியவரு எவ்ளோ ஆச்சாரமா வெச்சிருந்தாரு, அந்தப் பொண்ணு போயிக் கெடுத்துடுச்சி" என்று ஒருத்தி சொன்னது அவர் காதில் விழுந்தது. அவர் நின்றார். "அப்பிடி இல்லம்மா" என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்த வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டார். நாள் ஆக ஆக மறந்துபோகும், பிள்ளை பிறந்தால் தானாக எல்லாம் சரியாகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்ட அன்றைக்குத்தான் அவர்மேல் அவருக்கே அருவருப்பு வந்தது.

கொடிக்காலில் அந்த நாலாவது செடி ஒவ்வொரு ஜோடியாகச் சிவப்புக் கொழுந்து விட்டுக்கொண்டே இருந்தது. மேல்காற்று படாமல் தென்னங்கீற்று வைத்து மறைத்தார். விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினார். வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் படலோடு திருப்பி அனுப்பினார்.

வைகாசியில் ஒருநாள் காலையில் அந்தத் தொட்டியைத் துண்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு பண்டசோழநல்லூருக்கு நடந்தே புறப்பட்டார். வண்டி கட்டச் சொல்லி மகனைக் கேட்க அவருக்கு முகம் இல்லை. வெயில் ஏறியதும் குடையை விரித்தார். தன் தலைக்கு அல்ல, செடிக்கு. கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிழவர் குடையைச் செடிக்குப் பிடித்துக்கொண்டு மொட்டை வெயிலில் போவதைப் பார்த்தவர்கள், "இன்னா செடிங்க அது?" என்று கேட்டார்கள். நொச்சிக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை எட்டு ஊருக்குச் சொன்ன மனுஷன், "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிக்கொண்டே போனார்.

சம்பந்தி அரங்கநாதன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு மூன்று பேர் கூட உட்கார்ந்திருந்தார்கள்.

"அடடே, வாங்க சம்பந்தி, வாங்க. இப்பிடி வெயில்லயா நடந்து வருவாங்க? சொல்லி அனுப்பியிருந்தா வண்டி வந்திருக்காதா? ஒக்காருங்க."

சிங்காரவேலு தோளிலிருந்து தொட்டியை இறக்கினார். எங்கே வைக்கிறோம் என்று பார்க்கவில்லை. வாசல் நடுவில் வைத்தார்.

"இதான் அந்த ஜப்பான் நொச்சியா?" என்று ஒருத்தர் கிட்டே வந்தார். "கேள்விப்பட்டோம். தூரம் பட்டுக் கருகிடுச்சின்னு சொன்னாங்களே?"

இந்த ஊர்வரைக்கும் வந்திருக்கிறது. அரங்கநாதன் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றின் முனையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஆண்டாள் சொம்பில் தண்ணீரோடு வந்தவள், நிலைப்படியில் அப்படியே நின்றாள். வயிறு இலேசாகத் தெரிந்தது. சிங்காரவேலு உட்காராமல் நின்றார்.

"தூரம் படல" என்றார். மறுபடியும் சொன்னார். "தூரம் ஒண்ணும் படல. ஊரு பாத்து மெச்சணும்னு நான்தான் வெயில்ல வெச்சேன். நான்தான் கருக்கினேன். எம்மேல வந்துடுமேன்னு பயந்து, பழியத் தூக்கி உங்க பொண்ணு மேல போட்டேன். மாட்டுக்கொட்டாயில ஒக்கார வெச்சேன். இது ஒண்ணு உசுரோட இருக்குதுன்னா, அது ஆண்டாள் தூக்கி நெழல்ல வெச்சதால."

கிட்டே வந்து நின்றவர் மெதுவாகப் பின்வாங்கித் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். அரங்கநாதன் கயிற்றைக் கீழே வைத்தார், திரும்பவும் எடுத்துக்கொண்டார். சிங்காரவேலு அவர்களைப் பார்த்தார். ஏதாவது கேட்பார்கள், திட்டுவார்கள், போகட்டும் விடுங்க என்றாவது சொல்வார்கள் என்று நின்றார்.

ஆண்டாள் படி இறங்கி வந்தாள். அவரிடம் வரவில்லை. வாசல் நடுவில் உச்சி வெயிலில் இருந்த தொட்டிக்குப் போனாள். அதைத் தூக்கவில்லை, குனிந்து, ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, மண்ணில் கோடு விழ இழுத்துக்கொண்டுபோய்ப் பூவரசு நிழலில் நிறுத்தினாள். இலையைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொம்பைச் சாய்த்து, வேரடியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மண் குடித்துக்கொண்டேயிருந்தது.

திரும்பி வந்து, சொம்பை அவர் காலடியில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். சிங்காரவேலு குனிந்து பார்த்தார். சொம்பில் பாதித் தண்ணீர் இருந்தது.